போர் தண்ணீரில் ஃப்ளூரைடு: சேலத்தில் காகித சென்சார் செய்து, அளந்து, சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘ஃப்ளூரோசிஸ் தணிப்பு’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. ஃப்ளூரோசிஸ் என்பது ஃப்ளூரைடு மிகுந்த தண்ணீரால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோக 2013இல் திறக்கப்பட்ட திட்டம் அது. அந்த இரண்டு மாவட்டத்துக்கும் அடியில் இருக்கிற பழங்காலப் பாறை சேலத்துப் பக்கமும் நீள்கிறது. மேட்டூர் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இது பெரிய கவலையில்லை. போர் போட்டு, மோட்டார் வைத்து, அதையே குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்தும் வீடுகளுக்குத்தான் கவலை.

இந்த வழிகாட்டி எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கும், பள்ளி அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும். வேதி சென்சார், பயோசென்சார் (உயிர்ப் பொருளை வைத்து உணரும் கருவி) என்று வருகிற புதிய ஆய்வுகளைப் படித்து, அதிலிருந்து நம் ஊர் தண்ணீருக்கு உதவும் ஒன்றைக் கையால் செய்து, அது சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கண்டுபிடிப்பதுவரை வரிசையாகச் சொல்கிறேன். சென்சார் செய்வது ஒரு மதிய நேர வேலை. அது பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் பருவம் முழுக்க இழுக்கும். அதனால் இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதியே நீளம்.

முதல் படி: எதை, எந்த அளவில் அளக்க வேண்டும்?

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் ஃப்ளூரைடுக்கு ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1.0 மில்லிகிராமும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவாக 1.5 மில்லிகிராமும் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். ஆக, உங்கள் சென்சார் 0.5 முதல் 3 வரையுள்ள இடைவெளியில் தெளிவாகப் பேசினால் போதும். பில்லியனில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கும் கருவி இங்கே தேவையே இல்லை. 1.2க்கும் 1.8க்கும் வித்தியாசம் தெரியாத கருவியால் பயனும் இல்லை. புராஜெக்ட் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த இடைவெளியை எழுதிவையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் இதுவே உரைகல்.

ஃப்ளூரைடு ஏன் இந்தப் பக்கம் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை. அடிவாரச் சமவெளியில் நைஸ் வகைகள். இப்படிப்பட்ட பாறைகளில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களுக்குள் ஃப்ளூரைடு ஒளிந்திருக்கும். தண்ணீர் காரத்தன்மையோடு இருந்தால், அதிலுள்ள ஹைட்ராக்சைடு உள்ளே போய் ஃப்ளூரைடை வெளியே தள்ளும். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே மின்னூட்டம். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் கால்சியம் ஃப்ளூரைடாகப் படிந்து ஓரளவு அடங்கிவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் அப்படி அடங்காது. எனவே ‘உப்புத் தண்ணியிலதான் ஃப்ளூரைடு இருக்கும், எங்க போர் தண்ணி இனிப்பா இருக்கு’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். நாக்கால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் படி: ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்தெடுப்பது

ஃப்ளூரைடு சென்சார் என்று தேடினால் கட்டுரைகள் கொட்டும். பாதிக்கு மேல் உங்களுக்கு உதவாது. ஏன் என்று தெரிந்தால் படிக்கிற நேரம் மிச்சம்.

முதலில் எந்தத் திரவத்தில் சோதித்தார்கள் என்று பாருங்கள். தண்ணீர் மூலக்கூறுகள் ஃப்ளூரைடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியிலிருந்து பிடுங்குவது கஷ்டம். அதனால் ஒளிரும் சாயங்களைப் பற்றிய பல கட்டுரைகள் அசிட்டோநைட்ரைல், டி.எம்.எஸ்.ஓ. போன்ற கரைப்பான்களில், டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஃப்ளூரைடு என்ற உப்பைப் போட்டு அழகான நிறமாற்றத்தைக் காட்டும். அதே சாயம் குழாய்த் தண்ணீரில் அசையாமல் கிடக்கும். செய்முறைப் பகுதியில் இந்த உப்பின் பெயரைப் பார்த்தால், உண்மையான தண்ணீர் மாதிரிகளுக்கான அட்டவணை இருக்கிறதா என்று நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். இல்லையென்றால் மூடிவைத்துவிடலாம்.

இரண்டாவது, எந்தக் குறுக்கீடுகளை, அதாவது ரீடிங்கைக் கலைக்கும் பிற பொருள்களை, சோதித்தார்கள்? குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று ஒரு பட்டைப் படம் போட்டு ‘தேர்வுத்திறன் சிறப்பு’ என்று எழுதியிருப்பார்கள். நமக்குத் தலைவலி தருபவை பைகார்பனேட், பாஸ்பேட், அலுமினியம். இந்த மூன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றனவா?

இந்தச் சல்லடையில் மிஞ்சுபவை பெரும்பாலும் மூன்று வழிகள். ஒன்று, ஜிர்கோனியம் என்ற உலோகத்தோடு சேர்ந்த சாயம் ஃப்ளூரைடு பட்டதும் நிறம் மாறும் பழைய, உறுதியான வேதியியல். அதை இப்போது காகிதத்திலும் மொபைல் கேமராவிலும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு, ஃப்ளூரைடு எலெக்ட்ரோடு. மூன்று, ஆர்.என்.ஏ.வை வைத்துச் செய்யும் பயோசென்சார். நாம் முதலாவதைச் செய்வோம், இரண்டாவதால் சரிபார்ப்போம், மூன்றாவது எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

மூன்றாம் படி: தண்ணீர் எடுப்பது

பிளாஸ்டிக் பாட்டில் மட்டும். அமிலத்தோடு சேர்ந்த ஃப்ளூரைடு கண்ணாடியை அரிக்கும், அதனால் இந்த வேலை முழுக்கக் கண்ணாடியைத் தள்ளிவையுங்கள். பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள். சில தூள்களில் பாஸ்பேட் இருக்கும். அது ஜிர்கோனியத்தைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஃப்ளூரைடை இருப்பதாகக் காட்டும். எடுக்கப்போகிற தண்ணீராலேயே மூன்று முறை அலசினால் போதும்.

மோட்டார் போட்டதும் வருகிற தண்ணீர் குழாயிலேயே தங்கியிருந்தது. சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மேல்தொட்டித் தண்ணீரையும் போர் வாயிலில் வருவதையும் தனித்தனியாக எடுப்பது நல்லது. தெளிவதற்காகப் படிகாரம் போடும் வீடா என்று கட்டாயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரணம் எட்டாம் படியில் வரும். போர் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னா பின்னா என்பதும் லேபிளில் இருக்கட்டும்.

இடங்களைத் தேர்வுசெய்யும்போது மலையிலிருந்து கீழே வரும் வரிசையில் போவது எனக்குப் பிடித்த முறை: ஏற்காட்டில் ஓர் ஊற்று, மலையடிவாரத்தில் ஒரு கிணறு, பிறகு ஓமலூர், தாரமங்கலம் பக்கம் ஆழ்குழாய்கள். பாறையோடு தண்ணீர் இருந்த காலம் கூடக்கூட என்ன மாறுகிறது என்பதை இந்த வரிசை காட்டும். வெள்ளைக்கல் சுரங்கப் பகுதியில் ஒரு மாதிரியும் எடுங்கள். மாக்னசைட் பூமி, மெக்னீசியம் மிகுந்த தண்ணீருக்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

நான்காம் படி: ஸ்டாண்டர்ட் கரைசல்

உலர்ந்த சோடியம் ஃப்ளூரைடு 221 மில்லிகிராமை நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். இது லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃப்ளூரைடு உள்ள மூலக்கரைசல். இதில் 1 மில்லி எடுத்து 100 மில்லியாக்கினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். இதே கணக்கில் 0, 0.5, 1.0, 1.5, 2.0, 3.0 என்று ஆறு ஸ்டாண்டர்டுகள், அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள். எல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில். சோடியம் ஃப்ளூரைடு நச்சு; வாயால் பிப்பெட் உறிஞ்சும் பழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் இந்த வேலைக்கு வரவேண்டாம். பள்ளி மாணவர்கள் என்றால் மூலக்கரைசலையும் அமிலத்தையும் ஆசிரியர் தயாரித்து, நீர்த்த ஸ்டாண்டர்டை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்கட்டும்.

ஐந்தாம் படி: காகிதத்தைச் செய்வது

காகிதத்தில் மெழுகால் வேலி கட்டி, திரவத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஆய்வு வேகம் பிடித்தது 2007க்குப் பிறகு. ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு அந்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் காகித நோயறி கருவிகள் என்ற துறையே விரிந்தது. மெழுகு பிரிண்டர் நமக்குத் தேவையில்லை. வாட்மேன் 1ஆம் எண் வடிதாளில், மெழுகு கிரேயானால் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டங்களை அழுத்தி வரையுங்கள். மேலும் கீழும் சாதாரணத் தாள் வைத்து இஸ்திரிப்பெட்டியைச் சில விநாடி வைத்தால், மெழுகு உருகித் தாளின் மறுபக்கம்வரை இறங்கும். ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கசியும் வட்டத்தைக் குறுக்கே கோடு போட்டுக் கழித்துவிடுங்கள்.

இனி வேதிப்பொருள். சைலினால் ஆரஞ்சு என்ற சாயம் அமிலத்தில் மஞ்சள். ஜிர்கோனியத்தோடு சேர்ந்தால் இளஞ்சிவப்பு. ஃப்ளூரைடு வந்தால் ஜிர்கோனியத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், விடுபட்ட சாயம் மஞ்சளுக்குத் திரும்பும். அவ்வளவுதான் கதை.

தொடங்குவதற்கு இரண்டையும் 0.5 மில்லிமோலார் கரைசலாக வைத்துக்கொள்ளலாம்: 100 மில்லிக்கு ஜிர்கோனைல் குளோரைடு ஆக்டாஹைட்ரேட் 16 மில்லிகிராம், சைலினால் ஆரஞ்சின் டெட்ராசோடியம் உப்பு 38 மில்லிகிராம். ஜிர்கோனியத்தை வெறும் தண்ணீரில் கரைக்காதீர்கள், நாள்பட நீராற்பகுத்து வேலைக்கு ஆகாமல் போகும். 0.3 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், தேவைக்கேற்ப அவ்வப்போது புதிதாக. வட்டத்துக்கு முதலில் சாயம் 5 மைக்ரோலிட்டர், காய்ந்ததும் ஜிர்கோனியம் 5 மைக்ரோலிட்டர். நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாத கவரில் இருட்டில் வையுங்கள்.

ஏன் இந்த அளவு? வட்டத்துக்குள் ஜிர்கோனியம் 2.5 நானோமோல் இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் 6 மைக்ரோலிட்டர் விட்டால் வருகிற ஃப்ளூரைடு சுமார் அரை நானோமோல். அதாவது எல்லைக்கோட்டில் இருக்கும் தண்ணீர், சாயத்தில் ஒரு பகுதியை மட்டுமே விடுவிக்கும். நிறம் அழுத்தமாகத் தெரியட்டும் என்று ஜிர்கோனியத்தை இரட்டிப்பாக்கினால் மாற்றம் கண்ணில் படுவது கஷ்டமாகும். பாதியாக்கினால் தொடக்க நிறமே வெளிறி, மேல் அளவுகளுக்கிடையே வித்தியாசம் மங்கும். முதல் வாரம் இந்த விகிதத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கட்டுரையில் இருக்கும் விகிதம் அவர்கள் தாளுக்கு, அவர்கள் சாயப் புட்டிக்கு.

ஆறாம் படி: போட்டோ

ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே வெள்ளை எல்.இ.டி., மேலே மொபைல் நுழையும் துளை. வெயிலிலும் டியூப்லைட்டிலும் மாறி மாறி எடுத்த போட்டோக்களை ஒப்பிட முடியாது. கேமராவில் வெள்ளைச் சமநிலை, எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்டுங்கள்; அழகுபடுத்தும் வசதி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு போட்டோவிலும் ஒரு வெற்றுத் தாள் துண்டும், ஃப்ளூரைடு இல்லாத பிளாங்க் வட்டமும் இருக்கவேண்டும்.

இளஞ்சிவப்பு, பச்சை ஒளியை விழுங்கும். மஞ்சள் நீலத்தை விழுங்கும். சிவப்பை இரண்டும் அதிகம் தொடாது. ஆகவே வட்டத்தின் நடுப்பகுதியில் பச்சை மதிப்பைச் சிவப்பு மதிப்பால் வகுத்த விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூரைடு கூடக்கூட இந்த விகிதம் ஏறும். வெளிச்சம் சற்றே ஏறி இறங்கினாலும் இரண்டு மதிப்பும் சேர்ந்தே மாறுவதால் விகிதம் அவ்வளவாகக் கலையாது.

சொட்டு விட்டதிலிருந்து சரியாக ஐந்தாவது நிமிடம், தாள் ஈரமாக இருக்கும்போதே எடுங்கள். காயக்காய ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆவியாகிப் போகும். நிறமும் அதோடு நகரும். சேலத்து மே மாத மதியத்தில் தாள் எவ்வளவு சீக்கிரம் காயும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏழாம் படி: அளவுக்கோடு

ஆறு ஸ்டாண்டர்டுகளும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து வட்டங்கள். பிளாங்குக்கு மட்டும் பத்து. விகிதத்தைச் செறிவுக்கு எதிரே வரைந்தால் கோடு கீழ்ப்பகுதியில் நேராகவும் மேலே வளைந்தும் வரும். நேரான பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. பத்து பிளாங்குகளின் திட்ட விலக்கம் 0.006, கோட்டின் சரிவு ஒரு மில்லிகிராமுக்கு 0.09 என்று வைத்துக்கொள்வோம். கண்டறியும் எல்லை, விலக்கத்தின் மும்மடங்கைச் சரிவால் வகுத்தது: 0.2. எண்ணாகச் சொல்லத்தக்க எல்லை, பத்துமடங்கை வகுத்தது: 0.67. இதன்படி 0.4 என்று ஒரு மாதிரி காட்டினால் ‘இருக்கிறது, அளவு சொல்ல முடியாது’ என்றுதான் எழுதவேண்டும். கட்டுரைகளில் முதல் எண்ணைத் தலைப்பிலேயே போடுவார்கள், இரண்டாவதைத் தேடினாலும் கிடைக்காது. வைவாவில் கேட்கப்போவது இரண்டாவதைத்தான்.

எட்டாம் படி: நம்ம ஊர் தண்ணீரில் இறக்குவது

இதுவரை எல்லாம் காய்ச்சி வடித்த நீர். இங்கேதான் சென்சாரின் குணம் தெரியும்.

சைலினால் ஆரஞ்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பி.எச். ஆறரையைத் தாண்டினால், ஜிர்கோனியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது தானாகவே சிவந்த ஊதாவாகிவிடும். போர் தண்ணீரில் பைகார்பனேட் ஏராளம். காய்ந்த தாளில் மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச அமிலத்தை அது தின்றுவிட்டால், சாயம் சிவப்பாகவே நிற்கும். சிவப்பு என்றால் நம் அளவுக்கோட்டில் ‘ஃப்ளூரைடு இல்லை’. ஃப்ளூரைடு கூடும் வாய்ப்பு அதிகமுள்ள காரத்தன்மைத் தண்ணீரே ‘பாதுகாப்பானது’ என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகும். ஆய்வகத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய சென்சார் களத்தில் இப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும்.

தீர்வு எளிது. தாளில் உள்ள அமிலத்தை நம்பாமல், மாதிரியையே அமிலமாக்குங்கள்: 900 மைக்ரோலிட்டர் தண்ணீருக்கு 3 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மைக்ரோலிட்டர். கணக்குப் பார்ப்போம். காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவு இருந்தாலும், அந்த 900 மைக்ரோலிட்டரை நடுநிலையாக்க 7 மைக்ரோஈக்விவலென்ட்டுக்குச் சற்று மேல் போதும். நாம் சேர்ப்பது 300. மிச்சம் தாராளம். இதே கலவையை எல்லா ஸ்டாண்டர்டுக்கும் பிளாங்குக்கும் செய்யவேண்டும். மாதிரிக்கு மட்டும் செய்தால் அளவுக்கோடு வேறு, மாதிரி வேறு. அமிலம் கலக்கும்போது குமிழி வந்தால் பயப்படாதீர்கள், கார்பன் டை ஆக்சைடு போகிறது. அது அடங்கிய பிறகு சொட்டு விடுங்கள்.

அடுத்தது படிகாரம். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அது ஃப்ளூரைடைக் கட்டிப்போட்டுவிடும். கட்டுண்ட ஃப்ளூரைடு ஜிர்கோனியத்திடம் போகாது, ரீடிங் குறையும். ஜிர்கோனியச் சாய முறைகளில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அலுமினியமே அளவைப் பிசக வைக்கும். நளகொண்டா முறை என்று சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு ஃப்ளூரைடு நீக்கிய தண்ணீரை இந்தத் தாளால் சோதித்து ‘சுத்தம்’ என்று எழுதுவது ஆபத்தான வேலை. நீங்கியதா, மறைந்ததா என்று தாளுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட மாதிரிகளை எலெக்ட்ரோடுக்கு மட்டும் அனுப்புங்கள்.

பாஸ்பேட்டும் சல்பேட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கும், ரீடிங்கைக் கூட்டும். வயலோரக் கிணறு, துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய போர் என்றால் இதை நினைவில் வையுங்கள். லிட்டருக்கு 200 மில்லிகிராம் சல்பேட் இருந்தாலே பார்க்கவேண்டிய பிழை வரும்.

இவற்றை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அதே போர் தண்ணீர் 100 மில்லியில் மூலக்கரைசல் 1 மில்லி சேர்த்து மறுபடி அளங்கள். ரீடிங் 0.99 மில்லிகிராம் கூடவேண்டும். 0.9 முதல் 1.1 வரை கூடினால் அந்தத் தண்ணீரில் உங்கள் சென்சார் நேர்மையாக வேலை செய்கிறது. 0.5தான் கூடியது என்றால் தண்ணீரில் ஏதோ ஃப்ளூரைடை மறைக்கிறது. அந்த மாதிரியின் முதல் எண்ணையும் நம்பமுடியாது. பாஸ்பேட், சல்பேட் மாதிரி நிலையாகக் கூட்டிவைக்கும் பிழையை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதற்கு அடுத்த படி. இருந்தாலும் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு மாதிரிக்காவது இதைச் செய்யாமல் புராஜெக்ட் அறிக்கையில் ‘உண்மை மாதிரிகளில் சோதிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள்.

ஒன்பதாம் படி: எலெக்ட்ரோடோடு ஒப்பிடுவது

ஃப்ளூரைடு எலெக்ட்ரோடை 1966இல் ஃபிராண்ட், ராஸ் இருவரும் அறிமுகப்படுத்தினார்கள். யூரோப்பியம் சிறிது கலந்த லாந்தனம் ஃப்ளூரைடு படிகம் ஒன்று, அதன் வழியாக ஃப்ளூரைடு அயனி மட்டும் நகரும். அறுபது ஆண்டுகள் கழித்தும் இதை ஓரங்கட்ட முடியவில்லை. எத்தனை நானோ துகள் வந்தாலும் ஒப்பீட்டுக்கு எல்லோரும் இதனிடம்தான் வருகிறார்கள்.

மாதிரியில் சம அளவு டிசாப் (பி.எச்.சையும் அயனி வலிமையையும் நிலையாக வைக்கும் கரைசல்) சேர்க்கவேண்டும். அது பி.எச்.சை 5 முதல் 5.5க்குள் நிறுத்தும். அதற்குக் கீழே போனால் ஃப்ளூரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து எலெக்ட்ரோடுக்குத் தெரியாமல் போகும். ரொம்ப மேலே போனால் ஹைட்ராக்சைடைப் படிகம் ஃப்ளூரைடென்று எண்ணிக்கொள்ளும். டிசாப்பில் இருக்கும் சி.டி.டி.ஏ. என்ற சேர்மம் அலுமினியத்தைப் பிடித்து, கட்டுண்ட ஃப்ளூரைடை விடுவிக்கும். படிகாரத் தண்ணீரை இங்கே அனுப்பச் சொன்னது இதற்காகத்தான்.

செறிவு பத்துமடங்கு ஏறினால் 25 டிகிரியில் 59.2 மில்லிவோல்ட் இறங்கவேண்டும். வெப்பநிலை மாறினால் இதுவும் மாறும்: 35 டிகிரிச் சேலத்தில் 61.1, 18 டிகிரி ஏற்காட்டுக் காலையில் 57.8. கீழே காலிபரேட் செய்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேலே போய் அளந்தால் வருகிற பிழை இதுதான். ஸ்டாண்டர்டையும் மாதிரியையும் ஒரே அறையில், ஒரே சூட்டில் வைத்து அளங்கள்.

தாள் சொன்ன எண்ணையும் எலெக்ட்ரோடு சொன்னதையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். தொடர்புக் கெழு 0.98 என்று மகிழ்ந்துவிடாதீர்கள். இரண்டின் வித்தியாசத்தைத் தனியாக வரைந்து, எந்த ஊர் மாதிரிகள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன என்று பாருங்கள். புராஜெக்டில் புதிதாக ஏதாவது கிடைப்பதென்றால் இந்தப் படத்தில்தான் கிடைக்கும்.

பத்தாம் படி: பயோசென்சார் எங்கே நிற்கிறது?

என்சைம் எலெக்ட்ரோடு என்ற யோசனையை லேலண்ட் கிளார்க் 1962இல் முன்வைத்ததிலிருந்து பயோசென்சார் வரலாறு தொடங்குகிறது. குளுக்கோஸ் மீட்டர் அந்த மரத்தில் காய்த்தது. ஃப்ளூரைடுக்கு ஆர்.என்.ஏ. வழி திறக்க அதிலிருந்து ஐம்பது ஆண்டு ஆனது.

2012இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழு, பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வில் ஃப்ளூரைடை உணரும் ஒரு மடிப்பைக் கண்டறிந்தது. பாக்டீரியாவுக்கு ஃப்ளூரைடு விஷம். உள்ளே வந்தால் இந்த மடிப்பு மாறி, அதை வெளியேற்றும் புரதத்துக்கான மரபணுவை இயக்கும். ஆர்.என்.ஏ.வும் எதிர்மின், ஃப்ளூரைடும் எதிர்மின். பின் எப்படி ஒட்டுகின்றன? நடுவில் மூன்று மெக்னீசியம் அயனிகள் நின்று ஃப்ளூரைடைப் பிடித்துக்கொள்கின்றன. அதே ஆண்டு வெளிவந்த படிக அமைப்பு ஆய்வு இதைக் காட்டியது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழு இதைக் கருவியாக்கியது. உயிருள்ள செல் கிடையாது. செல்லின் உள்ளிருக்கும் இயந்திரத்தை மட்டும் பிரித்தெடுத்து, இந்த ஆர்.என்.ஏ. சுவிட்ச் உள்ள டி.என்.ஏ.வையும் சேர்த்து, சிறு குழாயில் உறையவைத்து உலர்த்தியிருக்கிறார்கள். தண்ணீர் சேர்த்தால் விழித்துக்கொள்ளும். ஃப்ளூரைடு இருந்தால் ஒரு என்சைம் உருவாகி மஞ்சள் நிறம் தரும். 2020இல் வெளியான கட்டுரையில் கோஸ்டாரிகாவின் தண்ணீரில் சோதித்தார்கள். 2023இல் கென்யாவின் கிராம வீடுகளில், விஞ்ஞானி அல்லாதவர்கள் கையில் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வந்தன. குளிர்பெட்டி இல்லாமல் எடுத்துப்போகலாம் என்பது பெரிய விஷயம்.

இதை எம்.எஸ்சி. அளவில் செய்யலாமா? செல் சாறு தயாரிக்கும் வசதியுள்ள உயிர்த்தொழில்நுட்பத் துறையோடு கூட்டு சேர்ந்தால் முயலலாம். வேதியியல் துறை தனியாக இறங்கவேண்டாம், ஒரு பருவம் போதாது. முயல்பவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது. செல் இல்லாத இந்தக் கலவைகளில் மெக்னீசியத்தின் அளவைக் கவனமாகச் சரிசெய்து வைத்திருப்பார்கள்; கூடினாலும் குறைந்தாலும் புரத உற்பத்தி சுணங்கும். மாக்னசைட் பூமியின் தண்ணீரை அதில் ஊற்றினால் என்ன ஆகும்? ஃப்ளூரைடு இல்லாத, மெக்னீசியம் மட்டும் உள்ள ஒரு கட்டுப்பாட்டு மாதிரியோடு தொடங்கும் இந்தச் சோதனை தனியாகவே ஒரு நல்ல புராஜெக்ட்.

பதினோராம் படி: வீட்டுக்காரரிடம் சொல்வது

தாள் காட்டிய எண்ணை அப்படியே கொடுக்காதீர்கள். உங்கள் பிழை 0.3 என்றால், 1.3 என்ற ரீடிங் 1.0ஆகவும் இருக்கலாம், 1.6ஆகவும் இருக்கலாம். மூன்றே வகை போதும்: எல்லைக்குத் தெளிவாகக் கீழே, மறுபடி சோதிக்கவேண்டியது, தெளிவாக மேலே. நடு வகைக்கும் மேல் வகைக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஊரில் அப்படி யாராவது இருந்தால் அவரையும் சேர்த்துக்கொண்டு போவது நல்லது. கல்லூரிப் பிள்ளைகள் சொல்வதைவிட ஊர்க்காரர் சொல்வது எடுபடும்.

“நாங்க கொதிக்க வெச்சுத்தானுங்க குடிக்கிறோம், அப்புறம் என்னங்க?” என்ற கேள்வி கட்டாயம் வரும். கொதித்தால் கிருமி சாகும்; ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி ஃப்ளூரைடைக் குறைக்கும், ஆனால் சவ்வு பழுதாகியிருக்கலாம் என்பதால் அதிலிருந்து வரும் தண்ணீரையும் ஒரு தடவை அளந்து காட்டுங்கள். வீட்டில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்கள் குடிக்கும் தண்ணீரை முதலில் மாற்றச் சொல்லவேண்டும். பல்லின் எனாமல் உருவாகும் வயதில் சேர்கிற ஃப்ளூரைடுதான் பின்னால் நிரந்தரக் கறையாக நிற்கிறது. வளர்ந்து முடிந்த பல்லில் புதிதாக அந்தக் கறை வராது, ஆனால் பல வருஷம் அதிக அளவு குடித்தால் பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். குளிக்க, துவைக்க அதே போர் தண்ணீர் போதும். குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் மட்டும் காவிரித் தண்ணீர் என்றால் பெரும்பாலான வீடுகளில் இரண்டு குடத்துக்குள் முடிந்துவிடும்.

உறுதிப்படுத்த அனுப்பும் மாதிரிக்கு ஐஸ் பெட்டியோ அமிலமோ தேவையில்லை. ஃப்ளூரைடு மட்டும் பார்ப்பதென்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் 28 நாள்வரை அப்படியே வைத்திருக்கலாம். பாட்டிலை நிரப்பி, இறுக மூடி, அழியாத மையில் எண் போட்டு, அதில் பாதியை உங்கள் அலமாரியிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வக முடிவு உங்கள் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்ப அளக்க அந்தப் பாதி வேண்டும்.